செவி நரம்புக் கட்டியில் முகநரம்பின் மின்பரீட்சை

உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாவது கபால நரம்பின் உறையில் தோன்றி, வருஷக்கணக்கில் மெல்ல வளரும் கட்டியானது, அதே எலும்புக் குழாயில் அடுத்துச் செல்லும் ஏழாவது நரம்பாகிய முகநரம்பை எவ்வளவு நலிவித்திருக்கிறது என்பதை மின்தூண்டலால் அறியும் முறை இது. நரம்பிழைகளில் ஒரு பகுதி அழிந்த பின்னரும், எஞ்சியவை தசைகளை இயக்கிக்கொண்டிருப்பதால், நோயாளியின் முகம் கோணாமல் இயல்பாகவே தோன்றக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத அந்த நஷ்டத்தை வெளிப்படுத்துவதே இப்பரீட்சையின் பிரயோஜனம்.

முகத்தசைகளை மின்சாரத்தால் இயக்கி ஆராய்ந்த பிரெஞ்சு வைத்தியர் துஷேன், தம் முடிவுகளை 1862இல் நூலாக வெளியிட்டார். 1898இல் பெர்லினில் ஃபெடோர் கிரௌஸே, தீராத காதிரைச்சலுக்காகச் செவி நரம்பைத் துண்டிக்கையில், முகநரம்பை மின்சாரத்தால் தூண்டி, முகம் துடிப்பதைக் கொண்டு அதனை இனங்கண்டார். ஆயினும் அக்காலத்தில் இக்கட்டியின் சஸ்திர சிகிச்சையில் உயிர் தப்புவதே அரிதாயிருந்தமையால், முகத்தைப் பற்றிய கவலை பின்தங்கியே நின்றது. அமெரிக்க நரம்பு அறுவை வைத்தியர் ஹார்வி குஷிங்கின் முறையால் மரணங்கள் குறைந்து, 1960களில் செவி வைத்தியர் வில்லியம் ஹவுஸ் நுண்நோக்கியைக் கையாளத் தொடங்கியபின், முகநரம்பைக் காப்பதும் சிகிச்சையின் இலட்சியமாயிற்று.

1970களில் எஸ்லன், ஃபிஷ் ஆகியோர் வளர்த்த முறையில், காதுமடலுக்குக் கீழே மின்னோட்டம் செலுத்தி, மூக்கருகேயுள்ள கன்னமடிப்பில் எழும் தசை மின்னலையின் உயரத்தை இருபுறமும் ஒப்பிடுவர். நலமான புறத்தில் எழுவதில் 40 சதவீதமே மறுபுறத்தில் எழுமாயின், ஏறக்குறைய 60 சதவீத இழைகள் செயலிழந்தன எனக் கணிப்பர். ஆனால் தூண்டும் இடம் கட்டிக்கு அப்பால் இருப்பதாலும், அறுபட்ட நரம்பின் வெளிப்பகுதிகூடச் சுமார் மூன்று நாள் தூண்டலுக்கு இசைவதாலும், சிகிச்சை முடிந்த உடனே செய்யும் பரீட்சை ஏமாற்றிவிடும். சஸ்திர சிகிச்சையின்போதே கட்டியருகில் நரம்பைத் தூண்டி முகத்தசையின் மறுமொழியைப் பதிவு செய்யும் முறையை டெல்காடோ குழுவினர் 1979இல் விவரித்தனர். 1991இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, சஸ்திர சிகிச்சையின்போது முகநரம்பைக் கண்காணிக்கப் பரிந்துரைத்தது.

தமிழகத்தில் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரிலும், பி. ராமமூர்த்தி 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையிலும் நரம்பு அறுவை சிகிச்சைத் துறைகளைத் தொடங்கினர். இந்நாட்டு நோயாளிகள் பெரும்பாலும் கட்டி மிகப் பெரிதான பின்னரே வருவதால், நாடாவைப்போல் தட்டையாகிக் கட்டியின்மேல் படிந்த நரம்பைத் தேடுவதற்கு மின்தூண்டல் இங்கு விசேஷமாக உதவுகிறது. இக்கட்டியைப்போலவே செவியை மந்தமாக்கும் வேறு காரணங்களும் உண்டு: தூத்துக்குடியில் கடலில் சங்கு குளிப்போருக்கு நீரின் அழுத்தத்தால் செவிக்கேடு நேர்வதுண்டு. நடுச்செவியின் அழுத்த மாறுதலால் முகம் சிறிது நேரம் கோணி மீள்வதும் அபூர்வமாக உண்டு. ஆகவே ஒரு காது மட்டும் படிப்படியாக மந்தமாகும் குளியாளிடம், பழியைக் கடல்மேல் போட்டுவிடாமல், செவிப்புலன் சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் முதலில் செய்து, கட்டி உறுதிப்பட்ட பின்னரே முகநரம்பின் மின்பரீட்சையை நாடுவது கிரமமாகும்.