அழுக்கு வேலையை யார் செய்வது? - பிளேட்டோ முதல் பெரியார் வரை கற்பனை அரசுகள்

இருக்கிற அரசை விட நல்ல அரசு ஒன்று இருக்க முடியாதா என்ற யோசனை மனிதனுக்குப் புதிதல்ல. பழங்காலத்தில் அதைத் தத்துவ ஞானிகள் எழுதினார்கள். பிற்காலத்தில் விஞ்ஞானக் கதை எழுதுபவர்கள் எழுதினார்கள். யார் ஆள்வது என்பதற்கு ஆளுக்கொரு பதில் உண்டு. ஆனால் அந்த அரசு யாருக்கு நல்லது என்று தெரிய வேண்டுமானால் வேறொரு கேள்வி கேட்க வேண்டும். அங்கே அழுக்கு வேலையை யார் செய்வது?

பொன்னும் இரும்பும்

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்துப் பிளேட்டோ எழுதிய 'குடியரசு' நூலில் மக்கள் மூன்று பிரிவு. ஆள்பவர்கள் தத்துவ ஞானிகள். அவர்களுக்குத் துணை போர்வீரர்கள். மற்றவர்கள் உழவர்களும் தொழிலாளிகளும். கடவுள் முதல் பிரிவில் பொன்னையும், இரண்டாவதில் வெள்ளியையும், மூன்றாவதில் இரும்பையும் வெண்கலத்தையும் கலந்து படைத்தார் என்று மக்களை நம்ப வைக்க வேண்டும் என்கிறார் அவர். அது கட்டுக்கதை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்! இரும்புப் பெற்றோருக்குப் பொன் பிள்ளை பிறந்தால் மேலே ஏற்றலாம் என்று ஒரு வழியும் வைத்தார். பெண்களும் ஆளலாம் என்றார். ஆள்பவர்களுக்குச் சொந்தச் சொத்து கூடாது என்றார். இருந்தாலும் எல்லோருக்கும் சோறு போடுவது மூன்றாம் பிரிவுதான். ஆட்சியில் அதற்குப் பங்கில்லை. வருணம் தெரிந்த நம் நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத கதை அல்ல.

அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் அடிமை முறையை நியாயப்படுத்தியவர். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார். தறியின் நாடா தானாகவே ஓடித் துணி நெய்யுமானால் எஜமானனுக்கு அடிமை தேவைப்படாது என்றார். நடக்காத காரியம் என்று நினைத்துச் சொன்னது அது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அந்தத் தறி வந்துவிட்டது.

தறி ஓடத் தொடங்கிய பிறகு

1888ல் அமெரிக்கரான எட்வர்ட் பெல்லமி, 2000ஆம் ஆண்டில் கண் விழிக்கும் ஒருவனைப் பற்றி நாவல் எழுதினார். அந்த உலகில் எல்லாத் தொழிலும் அரசுடையது. கடினமான வேலைக்கு நேரம் குறைவு. அதனால் அதற்கும் ஆள் வருகிறது.

தமிழில் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது, 1940களில் வெளிவந்த பெரியாரின் 'இனிவரும் உலகம்'. 1932ல் சோவியத் நாட்டைப் பார்த்து வந்தவர் அவர். அவர் காட்டும் உலகில் அரசன் இல்லை, தனிச்சொத்து இல்லை, பணத்துக்கு வேலை இல்லை. சட்டைப் பையில் கம்பியில்லாத் தந்தி இருக்கும், முகம் பார்த்துப் பேசலாம் என்றெல்லாம் சொன்னதைப் பலரும் வியந்து பேசுவார்கள். அதைவிட முக்கியமானது, இழிவான வேலைகளை யார் செய்வது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில். இயந்திரம் செய்யும்! பிறப்பைக் காட்டி ஒரு கூட்டத்தின் தலையில் வேலையைக் கட்டும் நாட்டில் இது வெறும் விஞ்ஞானக் கற்பனை அல்ல. பிளேட்டோவின் இரும்புக் கதைக்கே அது மறுப்பு.

1974ல் அர்சுலா லெ குவின் எழுதிய நாவலில் அரசாங்கமே இல்லாத ஒரு கிரகம் வருகிறது. அங்கே பத்து நாளுக்கு ஒரு நாள் எல்லோரும் முறை வைத்துப் பொதுவேலை செய்கிறார்கள். அறிவியல் அறிஞருக்கும் விலக்கில்லை.

நம் ஊரில்

கடலூரிலிருந்து குள்ளஞ்சாவடி, வடலூர் தாண்டிப் போனால் நெய்வேலி. 1956ல் தொடங்கிய நிறுவனம். ஆயிரம் ஆயிரம் பேர் மண்வெட்டியால் வெட்ட வேண்டிய மண்ணை அங்கே பக்கெட் வீல் இயந்திரம் வெட்டுகிறது. இயந்திரம் வந்ததால் மேல் கீழ் போய்விட்டதா? அங்கே நிரந்தரத் தொழிலாளி ஒரு தட்டு, ஒப்பந்தத் தொழிலாளி இன்னொரு தட்டு. பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள்.

மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993லும் 2013லும் சட்டம் வந்தது. பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் 'பாண்டிகூட்' என்ற ரோபோவை 2018ல் கேரளாவில் இறக்கினார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் உள்ளே இறங்கிச் சாகிறார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்படி ஓர் உயிர் போனால் இழப்பீடு 30 லட்ச ரூபாய் என்று உயர்த்த வேண்டியிருந்தது.

அரிஸ்டாட்டில் கேட்ட இயந்திரம் வந்துவிட்டது. பெரியார் கேட்டதும் வந்துவிட்டது. ஆனால் பெரியார் இயந்திரத்தை மட்டும் கேட்கவில்லை. தனிச்சொத்து இல்லாத, பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லாத உலகத்தில் ஓடும் இயந்திரத்தைக் கேட்டார். இயந்திரம் கடையில் கிடைக்கும். மற்றதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.