காட்டு வீட்டில் ஒரு குளிர்காலமும் ஐந்நூறு சிடியும்

ஒரு பாட்டு ஆல்பம் போட என்னென்ன வேண்டும்? ஸ்டூடியோ வேண்டும், வாத்தியக்காரர்கள் வேண்டும், சவுண்ட் எஞ்சினியர் வேண்டும், இத்தனைக்கும் பணம் போட ஒரு கம்பெனி வேண்டும். 2006-ம் வருடக் கடைசியில் ஜஸ்டின் வெர்னனிடம் இதில் ஒன்றுகூட இல்லை. வயது 25. கூட வாசித்தவர்கள் பிரிந்துவிட்டார்கள், காதல் முறிந்துவிட்டது, போதாக்குறைக்கு உடம்பும் படுத்திவிட்டது.

வெர்னனின் ஊர் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஓ கிளேர். பள்ளிக்காலத்திலிருந்தே இசைக்குழு, பாட்டு என்று திரிந்தவர். டியார்மண்ட் எடிசன் என்று ஒரு குழு. ஊரிலேயே இருந்தால் முன்னேற முடியாது என்று நண்பர்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு 2005-ல் வட கரோலினாவின் ராலே நகரத்துக்குப் போனார்கள். அடுத்த வருடமே குழு உடைந்தது. மற்ற மூவரும் மெகாஃபான் என்று புதுக் குழு ஆரம்பித்துவிட, வெர்னன் மட்டும் தனியாக நின்றார். அந்தச் சமயம் பார்த்து மோனோநியூக்ளியோசிஸ் காய்ச்சல் வந்து கல்லீரலையும் பாதிக்க, நீண்ட நாள் படுக்கை. கடைசியில் சாமான்களை வண்டியில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. மாநிலத்தின் வடமேற்குப் பக்கம் காட்டுக்குள் அவர் அப்பாவுக்கு வேட்டைக்காலத்தில் தங்குகிற மரவீடு ஒன்று இருந்தது. நேராக அங்கே போய்விட்டார்.

ஆல்பம் போட வேண்டும் என்று அவர் அங்கே போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விறகு வெட்டினார், மான் வேட்டையாடி அந்தக் கறியைச் சமைத்துச் சாப்பிட்டார். விஸ்கான்சின் குளிர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வெளியே தலை நீட்ட முடியாது. பொழுது போக வேண்டுமே! கையிலிருந்த பழைய மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் புரோ டூல்ஸ் மென்பொருள் இருந்தது. ஷூர் எஸ்எம்57 என்கிற மைக் இருந்தது. மேடைக் கச்சேரிகளில் சர்வ சாதாரணமாகப் பார்க்கிற மைக் அது, விலை நூறு டாலர் அளவில்தான். அதோடு ஒரு பழைய கிடார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அதுவரை அடித்தொண்டையில் பாடிவந்தவர், அந்த வீட்டில் கள்ளக்குரலுக்கு மாறினார். உச்சஸ்தாயியில் மெலிதாக ஒரு குரல், அதன்மேல் அதே ஆளின் குரல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. இப்படி அடுக்கடுக்காக ஏற்றியதில் ஒரே மனிதன் ஒரு கோஷ்டியாகக் கேட்டான். வரிகளை முதலில் எழுதவும் இல்லை. நம்ம சினிமாவில் தத்தகாரம் என்பார்களே, அது மாதிரி அர்த்தமில்லாத அசைகளை மெட்டில் பாடிப் பதிந்துகொண்டு, பிறகு திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த ஓசைக்கு எந்தச் சொல் பொருந்துகிறதோ அதை எழுதினார். அந்தப் பாட்டுகளில் நேரடியான அர்த்தம் தேடினால் பிடிபடாது, ஆனால் சோகம் மட்டும் துல்லியமாகப் புரியும். காரணம் இதுதான்.

குளிர்காலம் முடிவதற்குள் ஒன்பது பாட்டு சேர்ந்துவிட்டது, மொத்தம் 37 நிமிடம். அப்போதும் அவர் அதை டெமோ என்றுதான் நினைத்தார். நல்ல ஸ்டூடியோவில் மறுபடி பாடிப் பதியலாம் என்று யோசனை. கேட்ட நண்பர்கள்தான் இதில் கை வைக்காதே என்றார்கள். புத்திசாலி நண்பர்கள்!

பெயருக்கும் ஒரு கதை உண்டு. படுக்கையில் கிடந்தபோது நார்தர்ன் எக்ஸ்போஷர் என்ற டிவி தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலாஸ்காவில் நடக்கிற கதை. முதல் பனி விழுந்த அன்று ஊர்க்காரர்கள் தெருவுக்கு வந்து, பிரெஞ்சு மொழியில் 'நல்ல குளிர்காலம்' என்று வாழ்த்திக்கொள்வார்கள். அந்த வாழ்த்தைக் காதில் விழுந்தபடி எழுதி வைத்ததுதான் போன் இவேர். சரியான எழுத்துக்கூட்டல் பிறகு தெரிந்தும் மாற்றவில்லை. அந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் கல்லீரலுக்கான சொல்லை ஞாபகப்படுத்தினவாம். பட்டவனுக்குத்தானே தெரியும்.

2007-ல் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' என்ற பெயரில் தானே 500 சிடி போட்டார். காமர்ஸ்காரன் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையான கணக்கு இது. ஸ்டூடியோ வாடகை பூஜ்யம், வாத்தியக்காரர் சம்பளம் அநேகமாகப் பூஜ்யம், அட்வான்ஸ் பூஜ்யம். மூன்று மாத உழைப்புக்குக் கூலி என்று எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை, ஆனால் ஆகிய செலவில் பெரியது அதுதான். இணையத்தில் இசை பற்றி எழுதுகிறவர்கள் கைக்குச் சில பிரதிகள் போயின. அக்டோபரில் பிட்ச்ஃபோர்க் தளம் பாராட்டி எழுதியது, அதே மாதம் நியூயார்க்கில் சிஎம்ஜே விழாவில் பாடினார், கம்பெனிகள் தேடி வந்தன. ஜாக்ஜாகுவார் என்ற சின்னக் கம்பெனி 2008 பிப்ரவரியில் அமெரிக்காவிலும், 4ஏடி மே மாதம் ஐரோப்பாவிலும் வெளியிட்டன. பாட்டுகளை மாற்றிப் பதியவே இல்லை.

அதற்குப் பிறகு கதையே ஆல்பத்தைவிடப் பெரிதாகிவிட்டது. காதலில் தோற்றவன் காட்டுக்குப் போனான், பாட்டோடு திரும்பினான் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பேட்டிக்குப் பேட்டி அதையே கேட்டுக் கேட்டு வெர்னனுக்கே அலுத்துப்போனது. உண்மை இதைவிடச் சாதாரணமானது. காட்டு வீட்டில் மின்சாரம் இருந்தது. டிரம்பெட், டிராம்போன் போன்றவற்றை வாசித்தவர்கள் வேறு ஆட்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு முன்பே பல வருடம் குழுவோடும் தனியாகவும் பாட்டுகளைப் பதிந்து பழகிய கை அது. நூறு டாலர் மைக்கை எங்கே வைத்தால் எப்படிக் கேட்கும் என்று தெரியாதவன் மூன்று மாதம் காட்டில் உட்கார்ந்திருந்தால் மான்கறிதான் மிஞ்சியிருக்கும்.

அடுத்த ஆல்பத்தை அவர் காட்டு வீட்டில் செய்யவில்லை. ஓ கிளேருக்குப் பக்கத்தில் ஃபால் கிரீக்கில், முன்பு கால்நடை மருத்துவமனையாக இருந்த கட்டிடத்தைத் தம்பியோடு சேர்ந்து வாங்கி ஸ்டூடியோவாக மாற்றினார். அங்கே உருவான இரண்டாவது ஆல்பம் 2011-ல் வந்தது. 2012 பிப்ரவரியில் கிராமி மேடையில் அவருக்குக் கிடைத்த இரண்டு விருதுகளில் ஒன்று, 'சிறந்த புதுமுகம்'. புதுமுகத்துக்கு அப்போது முப்பது வயது.