தகடூர் நாட்டு நடுகற்கள்

போரிலோ ஆநிரைப் பூசலிலோ உயிர்விட்ட வீரனுக்காக, அவன் விழுந்த இடத்திலோ அவனுடைய ஊர் எல்லையிலோ நிறுத்தப்பட்ட நினைவுக்கல் நடுகல் எனப்படும். தமிழகத்தில் போர்க்களத்தை அடையாளப்படுத்த எழுந்த நினைவுச் சின்னங்களில் காலத்தால் மூத்ததும் எண்ணிக்கையில் மிகுந்ததும் இதுவே. சங்க காலத்தில் தகடூர் என்று வழங்கிய தருமபுரிப் பகுதியிலும், அதை ஒட்டிய கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலும் நடுகற்கள் அடர்த்தியாகக் கிடைக்கின்றன. கிழக்கே கல்வராயன் மலை, தென்மேற்கே சேர்வராயன் மலை, இவற்றுக்கு நடுவே சித்தேரி மலை என்று மலைத்தொடர்களும் அவற்றிடையே மேய்ச்சல் வெளிகளும் கணவாய்களும் அமைந்த நிலம் இது. வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது. மாடே செல்வமாக இருந்த காலத்தில், இரவோடு இரவாக மந்தையை ஓட்டிக்கொண்டு மலைக்குள் மறைந்துவிட ஏற்ற நிலமும் இதுதான். மலையடிவார ஊர்களில் இத்தனை நடுகற்கள் இருப்பதற்கு நில அமைப்பே முதற்காரணம்.

பழந்தமிழர் போர் முறையில் பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, கவர்ந்ததை மீட்பது கரந்தை. பெரும்படைகள் மோதும் போருக்கு முன்னோட்டமாகவும், தனியே ஊருக்கு ஊர் நடந்த பூசலாகவும் ஆகோள் எனப்படும் இந்த ஆநிரை கவர்தல் நிகழ்ந்தது. அதில் மாண்டவனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு கட்டங்களாகக் கூறுகிறது. தக்க கல்லைத் தேர்ந்தறிவது காட்சி. அதைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள். நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. அதன்பின் நடுதலும், படையலிட்டுச் சிறப்புச் செய்யும் பெரும்படையும், வாழ்த்தலும் நடைபெறும். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இதே வரிசையைத் தன் காதைகளுக்குப் பெயராகக் கொண்டிருக்கிறது. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கண்ணகிக்குக் கல் கொண்டுவந்த கதை, வீரனுக்குரிய இந்தச் சடங்கின்மீதே கட்டப்பட்டது.

தகடூரின் பெயரை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவன் அதியமான் நெடுமான் அஞ்சி. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர்க் கோட்டையை முற்றுகையிட்டு வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடினார். அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூலே இருந்தது. அது முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள் மட்டும் புறத்திரட்டு வழியாகப் பிழைத்தன. அஞ்சி இறந்தபின் அவனுக்கு நடப்பட்ட கல்லையும், அதற்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததையும் ஔவையார் புறநானூற்றுப் பாடலொன்றில் குறிப்பிடுகிறார். மன்னனாயினும் மறவனாயினும் சடங்கு ஒன்றுதான் என்பது இதனால் தெரிகிறது. வழிப்போக்கர் நடமாடும் சுரத்தில், பெயரும் பெருமையும் எழுதப்பட்ட நடுகற்கள் நின்றதை அகநானூறும் சொல்கிறது. அதியமான் என்ற மன்னன் புலவர் கற்பனை அல்லன் என்பதற்குத் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டு சான்றாயிற்று. அதில் அவன் பெயர் உள்ளது.

எழுத்துடைய நடுகற்கள் சங்க காலத்திலேயே இருந்தன என்பதற்கு இலக்கியம் தவிர வேறு சான்று நெடுங்காலம் கிடைக்கவில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தபோது அந்தக் குறை தீர்ந்தது. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்தவனுக்கு உரியது. தொல்காப்பியம் ஆளும் ஆகோள் என்னும் அதே சொல் கல்லிலும் இருந்தது. இதற்கும் முன்னோடியாக, இரும்புக்காலத்தில் இறந்தோர் நினைவாக நிறுத்தப்பட்ட உயரமான நெடுங்கற்களை அறிஞர்கள் காட்டுகின்றனர். ஈமச்சின்னமாகத் தொடங்கியது படிப்படியே உருவமும் எழுத்தும் பெற்ற வீரக்கல்லாக வளர்ந்தது என்பது அவர்கள் கருத்து. எனினும் நடுகல் பொதுவாகக் கல்லறை அன்று. அடியில் உடல் இருக்கவேண்டும் என்பதில்லை.

பல்லவர் காலத்தில்தான் தகடூர், செங்கம் பகுதி நடுகற்கள் மிகுந்த செய்தி தருபவையாகின்றன. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலானோரின் ஆட்சியாண்டைத் தலைப்பில் இட்டு, வட்டெழுத்தில் இவை பொறிக்கப்பட்டன. கல் பெரும்பாலும் அந்தந்த ஊரிலேயே கிடைத்த பலகைப் பாறை. அதன் நடுப்பகுதியில் புடைப்பாக வீரன் உருவம் இருக்கும்: ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், பாய்ந்து செல்லும் நிலையில் கால்கள். காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்படுவதுண்டு. எழுத்து உருவத்தின் மேலும் பக்கங்களிலும் ஓடும். முதலில் அரசன், அடுத்து அந்தப் பகுதியை ஆண்ட வாணர் அல்லது கங்கர் மரபுத் தலைவன், பிறகு வீரன் யாருடைய சேவகன், எந்தத் தொறுவுக்காகப் போரிட்டான் என்பவை வரும். தொறு என்பது மாட்டு மந்தை. இறுதியில் இது இன்னான் பட்ட கல் என்று முடியும். இவ்வளவு சுருக்கமான வாசகத்துக்குள் ஒரு காலத்தின் ஆட்சி அடுக்கே அடங்கிவிடுகிறது. பேரரசர்களின் செப்பேடுகள் சொல்லாத சிறு தலைவர்களின் பெயர்களும் நாட்டுப் பிரிவுகளும் வரலாற்றுக்குக் கிடைத்தது இந்தக் கற்களால்தான்.

இவற்றுள் பலரும் அறிந்தது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இது, எருமை மந்தைக்காகப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்டது. வீரன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். கோயில் கட்டிய அரசன் பெயரைக் கல்லில் காண்பது எளிது. 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய எருமைக் காவலன் பெயரையும் அவனுடைய நாயின் பெயரையும் காண்பது அரிது. நடுகல்லின் தனிப்பெருமை இதுவே.

ஒப்பிட்டுப் பார்க்கக் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூர் உதவும். ஆங்கிலேயருக்கும் மைசூர்ப் படைக்கும் இடையே 1780இலும் 1781இலும் அங்கு இரு போர்கள் நடந்தன. இரண்டாம் போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகள் இருவருக்கு அங்கே கூம்புத் தூண்கள் நிற்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அவற்றைக் காக்கிறது. இரு பக்கமும் மாண்ட சிப்பாய்களின் பெயர் அந்தத் தூண்களில் இல்லை.

கல் எடுப்பதோடு ஊராரின் கடமை முடியவில்லை. இறந்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் விடப்பட்டது. நெய்த்தோர்பட்டி என்ற வழக்கும் உண்டு. கல்லுக்கு வழிபாடு தொடரவும் ஏற்பாடு இருந்தது. இதற்குத் தெளிவான சான்று கருநாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு. சோழ இளவரசன் இராசாதித்தன் 949இல் தக்கோலப் போரில் கங்கன் பூதுகனால் கொல்லப்பட்டதைச் சொல்லும் இந்தக் கல், உண்மையில் காட்டுப்பன்றியோடு பொருது இறந்த காளி என்னும் வேட்டை நாய்க்கு எடுக்கப்பட்டது. கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசகனை அந்த நாயின் பாவம் சேரும் என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பராமரிப்புக்கான விதியைச் சின்னத்தின்மீதே பொறித்துவைத்த முன்யோசனை அது. இப்போது அந்தக் கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

பல்லவருக்குப் பின் கங்கரும் நுளம்பரும் சோழரும் தகடூரை மாறி மாறி ஆண்டபோதும் நடுகல் மரபு அறுபடவில்லை. சோழர் காலம் தொட்டுத் தமிழ் எழுத்து வட்டெழுத்தின் இடத்தைப் பிடித்தது. பிற்காலக் கற்கள் பலவற்றில் எழுத்தே இல்லை; உருவம் மட்டும் உண்டு. காரணங்களும் விரிந்தன. புலியைக் குத்தி மாண்டவனுக்குப் புலிகுத்திக் கல்லும், பயிரை அழித்த பன்றியோடு பொருதவனுக்குப் பன்றிகுத்திக் கல்லும் எழுந்தன. கணவனோடு தீப்பாய்ந்த பெண்ணுக்குச் சதிக்கல் எடுத்தார்கள். இது பெருமைக்குரிய மரபாகப் போற்றத்தக்கது அன்று, ஆனால் அந்தக் காலத்தின் கொடுமைக்கு அதுவே ஆவணம். கல்லின் மூன்று பக்கமும் பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்துச் சிறு வீடு போல அமைக்கும் வழக்கமும் இப்பகுதியில் பரவியது. மழையும் வெயிலும் நேரே தாக்காததால் அப்படி மூடப்பட்ட உருவங்கள் நல்ல நிலையில் நிற்கின்றன.

மக்கள் இவற்றை நடுகல் என்று அழைப்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் நடுகல் வேடியப்பன் ஆகிவிட்டது. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு அவன் பெயரை இடுகிறார்கள். கல்லில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாத தலைமுறைகள்தாம் அதைக் காத்தன. சட்டமும் துறையும் பிறக்குமுன் ஆயிரம் ஆண்டுகள் இந்தக் கற்கள் இடம்பெயராமல் நின்றதற்கு வழிபாடே காரணம். அதே வழிபாடு ஊறும் செய்கிறது. எண்ணெயும் புகையும் படிந்து எழுத்து மறைகிறது. எனாமல் வண்ணம் பூசுகிறார்கள். தரையைச் சிமெண்டால் உயர்த்தும்போது கல்லின் கீழ்ப்பகுதி புதைகிறது. வழிபாடற்ற கற்களின் நிலை இதைவிட மோசம்: துணி துவைக்கவும் வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகவும் பயன்பட்டுத் தேய்கின்றன; சாலை அகலப்படுத்தும்போது மண்ணோடு அள்ளப்படுகின்றன.

முறையான ஆவணப்படுத்தல் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வேகம் பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1961இல் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த இரா. நாகசாமியின் காலத்தில் செங்கம் வட்டாரம் ஊர் ஊராக ஆராயப்பட்டு, 1972இல் செங்கம் நடுகற்கள் என்ற தொகுதி வெளிவந்தது. தருமபுரி மாவட்டக் கல்வெட்டுகளும் அடுத்து நூலாயின. துறையில் பணியாற்றிய ர. பூங்குன்றன், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் ஆகியோர் இவற்றை வைத்துத் தொல்குடிச் சமூகத்தையும் சிற்றரசுகளின் தோற்றத்தையும் ஆராய்ந்தனர். எழுத்தைப் படிக்கும் வழி எளியதுதான். கல்லைத் தூரிகையால் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டிப் பள்ளங்களுக்குள் பதியும்படி தட்டுவார்கள். பிறகு மை ஒற்றினால் எழுத்து வெண்மையாக எழும். மைப்படி எனப்படும் இந்தத் தாள், கல் பின்னாளில் காணாமற்போனாலும் வாசகத்தைக் காப்பாற்றிவிடும்.

காக்கப்படாமல் கிடந்த கற்கள் பல தருமபுரி நகரிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே அவை பாதுகாப்பாக உள்ளன. பள்ளிப் பிள்ளைகள் ஒரே இடத்தில் பல நூற்றாண்டுச் சிற்ப நடையை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஆனால் நடுகல்லின் பாதிப் பொருள் அது நின்ற இடத்தில் இருக்கிறது. எந்தக் கணவாயின் வாயில், எந்த ஏரியின் கரையில், எந்தத் திசை நோக்கி நின்றது என்பது தெரிந்தால்தான் மந்தை எந்த வழியாகப் போயிற்று, பூசல் எங்கே நடந்தது என்று ஊகிக்கலாம். இடக்குறிப்பு இன்றிப் பெயர்க்கப்பட்ட கல், சிற்பமாக எஞ்சும். போர்க்களச் சின்னமாக எஞ்சாது. ஆகவே வழிபாட்டில் உள்ளதை ஊரார் பொறுப்பில் அங்கேயே விட்டு, வண்ணமும் சிமெண்டும் படாமல் பார்த்துக்கொள்வதும், ஆபத்தில் உள்ளதை இடம், திசை, படம், மைப்படி ஆகியவற்றைப் பதிந்தபின் மட்டும் அகற்றுவதுமே சரியான முறை.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி மாநில அரசு ஒரு நடுகல்லைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். மண்ணுக்கடியில் புதைந்து கிடைக்கும் பொருள்களுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும். நூறாண்டு கடந்த சிற்பங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஏர் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ எழுத்துள்ள கல் தட்டுப்பட்டால், அதைப் புரட்டாமல் கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து தகவல் தொல்லியல் துறைக்குச் செல்லும்.