ஹூகோவுக்கு எடுத்த கோல்



இந்த மாத வரலாற்று உரைக்குக் கணினி விளையாட்டு என்று தலைப்புக் கொடுத்தபோது நிலையத்தில் சிரித்தார்கள். கணக்கு எழுதுகிறவருக்கு விளையாட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது. ஹேர்னிங்கில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளின் வரலாற்றை எழுதப் புகுந்தால் கோயிலும் தமிழ் வகுப்பும் மட்டும் போதாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர்கள் ரி.வி.க்கு முன்னால் இருந்த மாலைகளும் அதில் சேரவேண்டும்.

1990ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஊரில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது, தொலைபேசியும் நின்றது. அதே 1990இல்தான் இங்கே ரி.வி.2 தொலைக்காட்சியின் 'எலெவாதோரன்' நிகழ்ச்சியில் ஹூகோ என்ற குட்டிப் பூதம் முதன்முதலாகத் தலை காட்டியது. இவான் சொல்வாசன் என்பவரின் நிறுவனம் செய்த விளையாட்டு அது. ஹூகோவின் மனைவி ஹூகோலினாவையும் ரித், றாத், றூத் என்ற மூன்று பிள்ளைகளையும் அஃப்ஸ்கூலியா என்ற சூனியக்காரி பிடித்துக்கொண்டு போய்விடுவாள். ஹூகோ அவர்களை மீட்கப் புறப்படுவான். அசோகவனத்துக் கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். புதிது என்னவென்றால், ஹூகோவை நடத்துவது வீட்டிலிருந்து ரெலிபோன் எடுக்கும் ஒரு பிள்ளை. ரெலிபோனின் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஓசைகளைச் சேர்த்து அனுப்பும். 4ஐ அமத்தினால் 770 ஹேர்ட்ஸ் ஓசையும் 1209 ஹேர்ட்ஸ் ஓசையும் போகும். நிலையத்தில் இருந்த அமிகா கணினி அதைப் புரிந்துகொண்டு ஹூகோவைத் திருப்பும். இவ்வளவுதான் சூட்சுமம். பின்னாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தொலைக்காட்சிகளில் ஹூகோ ஓடினான். டென்மார்க் என்றால் வெண்ணெயும் லேகோவும் என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லி வையுங்கள்.

1991இல் வணிகப் பட்டத்தோடு நான் இங்கே வந்து இறங்கியபோது அண்ணர் வீட்டில்தான் தங்கினேன். பெறாமகனுக்கு அப்போது எட்டு வயது. டெனிஷ் மொழியில் எனக்கு அவன்தான் முதல் வாத்தியார். ஹூகோ சொல்வதை அவன் எனக்குத் திருப்பிச் சொல்லுவான். இடது, வலது, குதி, குனி என்ற சொற்களை நான் வகுப்பில் படிக்கவில்லை, அந்தப் பூதத்திடம்தான் படித்தேன்.

அந்த வீட்டில் ரெலிபோன் ஒரு சாமிப் படம் மாதிரி. யாழ்ப்பாணத்துக்கு லைன் இல்லை. யாராவது வவுனியா தாண்டிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்கள் உறவினர் ஒருவர் எடுத்தால்தான் ஊர்ச் செய்தி. ஆகவே லைன் எப்போதும் சும்மா இருக்கவேண்டும் என்பது அண்ணரின் கட்டளை. பெறாமகனோ பெரியவர்கள் வேலைக்குப் போன மாலைகளில் ஹூகோவுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். எடுப்பான், எங்கேஜ் சத்தம் வரும், வைப்பான், திரும்ப எடுப்பான். எனக்கு இது தெரியும். நான் பக்கத்தில் அகராதியோடு இருப்பேன்.

1992 தொடக்கத்தில் ஒருநாள் கொழும்பிலிருந்து கோல் வந்தது. எங்கள் அம்மா மோசம் போய்ப் பன்னிரண்டு நாள் என்றார்கள். முதல் கிழமையே அந்த உறவினர் வெள்ளவத்தையில் கடையொன்றில் காத்து நின்று, அரை மணித்தியாலமாக எங்கள் லைன் கிடைக்காமல் திரும்பிப் போயிருக்கிறார். அண்ணருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் பிள்ளையைப் பார்த்துச் சொன்ன சொற்களை இங்கே எழுதவில்லை. நான் வாய் திறக்கவில்லை. அவன் எடுப்பது எனக்கும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். முன்பே தெரிந்திருந்தாலும் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாது, கொள்ளியும் வைத்து முடிந்திருக்கும் என்றும் சொல்லியிருக்கலாம். பின்னாளில் எத்தனையோ பேருடைய கணக்கில் தவறான பக்கத்தில் எழுதப்பட்ட தொகையைக் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறேன். இதை மாற்றவில்லை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ரெலிபோனைத் தொடவில்லை.

ஹூகோவை விட்டு அவன் கணினிக்குப் போனான். அங்கே அவனுக்குக் கிடைத்தது 'மங்கி ஐலண்டின் இரகசியம்'. அதுவும் 1990இல் வந்ததுதான். ரொன் கில்பேர்ட் என்ற அமெரிக்கர் தலைமையில் செய்யப்பட்டது. கடற்கொள்ளைக்காரனாக வர ஆசைப்படும் ஒரு பொடியனின் கதை. அதில் வாள்சண்டை வாளால் வெல்வதில்லை, எதிராளியின் நக்கலுக்குச் சரியான பதில் நக்கல் சொல்லுகிறவன்தான் வெல்லுவான். எங்கள் ஊர்க் கிணற்றடியில் பழகியவர்களுக்கு அந்தக் கலை கைவந்தது. விளையாட்டு ஆங்கிலத்தில் இருந்ததால் என் அகராதி அவன் கைக்குப் போயிற்று.

இந்த வகை விளையாட்டுகளின் தொடக்கத்தைத் தேடிப் போனபோது எனக்கு ஓர் ஆச்சரியம். 1975-76இல் அமெரிக்காவில் வில் குரவுதர் என்ற கணினிப் பொறியியலாளர் மனைவியைப் பிரிந்திருந்தார். கென்டக்கியின் மாமத் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் வரைந்தவர் அவர். இரண்டு மகள்மாரும் வந்து நிற்கும்போது விளையாட ஏதாவது வேண்டும் என்று, அந்தக் குகையையே எழுத்தால் கணினிக்குள் கட்டினார். படம் கிடையாது. வடக்கே போ, விளக்கை எடு என்று தட்டச்சு செய்யவேண்டும். 1977இல் ஸ்ரான்போர்ட்டில் டொன் வூட்ஸ் அதைப் பெருப்பித்தார். சாகச விளையாட்டு என்ற முழுக் குடும்பத்துக்கும் மூத்தது அதுதான். பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஒரு தகப்பன் செய்த வேலை. நாங்கள் தகப்பன்மாரும் சித்தப்பாமாரும் என்ன செய்தோம்? பிளக்கைப் புடுங்கினோம்.

பழைய விளையாட்டுகள் சாகவில்லை. 2001இல் தொடங்கிய ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் அவற்றில் பலவற்றை இன்றைய கணினிகளிலும் ஓடவைக்கிறது. 2022இல் கில்பேர்ட் தன் தீவுக்கே திரும்பி வந்து ஒரு தொடர்ச்சி செய்தார். அடுத்த ஆண்டு, 2023இல், ரொறன்ரோவிலிருந்து 'வெண்பா' வந்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்நாட்டுத் தாயின் கதை. சூனியக்காரி இல்லை, வாளும் இல்லை. தாயார் கொடுத்த சமையல் கொப்பியில் எழுத்து அழிந்துபோன இடங்களை ஊகித்து இட்லி அவிக்கவேண்டும். புட்டும் உண்டு. 2024இல் அதற்கு பிரித்தானியாவின் பாஃப்டா விருது கிடைத்தது.

அதை எனக்குக் காட்டியவன் பெறாமகன்தான். இப்போது நாற்பது தாண்டிவிட்டது, அவனுக்கே இரண்டு பிள்ளைகள். சென்ற நத்தாருக்கு அவன் வீட்டில் ஹூகோவையும் தேடிப் பிடித்து ஓடவிட்டான்.

"சித்தப்பா, நீங்கள் விளையாடுங்கோ."

தண்டவாளத்தில் ஹூகோ போகிறான், எதிரே ரெயில் வருகிறது. பேத்தி டெனிஷில் கத்துகிறாள், "இடது, இடது!" நான் பிந்திவிட்டேன்.

அவனிடம் அன்றுதான் சொன்னேன், "நீ எடுக்கிறது எனக்குத் தெரியும் ராசா. நான் கொப்பரிட்டைச் சொல்லேல்லை." அவன் திரையைப் பார்த்தபடியே, "தெரியும், நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள்," என்றான். பிறகு, "அப்பம்மாவின்ரை குரல் எப்பிடியிருக்கும்?" என்று கேட்டான். அவனுக்கு ஞாபகமில்லையாம். சாப்பாடு ஆறும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேயர்களே, ஒரு வேண்டுகோள். அந்த நாட்களில் ஹூகோவுக்கு எடுத்து, உண்மையாகவே லைன் கிடைத்து விளையாடிய தமிழ்ப் பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் உண்டா? இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். பெறாமகன் அறிய விரும்புகிறான்.