மருத்துவ வலைப் பாதிப்பும் சட்ட உதவியும்

மருத்துவ வலை என்பது குடலிறக்கம், கருப்பை இறக்கம், சிறுநீர்க் கசிவு ஆகியவற்றுக்கான அறுவையில், தளர்ந்த தசைக்குத் தாங்கலாக உடலுக்குள் வைக்கப்படும் மெல்லிய பின்னல் தகடு. பேச்சில் 'மெஷ்'. பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் இழையால் ஆனது. பார்வைக்குக் கொசுவலைத் துண்டு போலிருக்கும்; அறுவை மேசையிலேயே கத்தரியால் அளவுக்கு வெட்டிக்கொள்வார்கள். நாளாவட்டத்தில் அதன் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பலமும் அதுதான், பின்னால் எடுக்க நேர்ந்தால் தொல்லையும் அதுதான். குடலிறக்கத்துக்கு வலை வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். வழக்குமன்றம் போனவற்றில் பெரும்பகுதி, பெண்களுக்கு யோனி வழியாக வைக்கப்பட்ட வலைகளைப் பற்றியது: வலை சுவரை அரித்து வெளித்தெரிவது, சீழ், ஆண்டுக்கணக்கான வலி.

அமெரிக்காவில் இவ்வகை வழக்குகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. 2019 ஏப்ரலில், கருப்பை இறக்கத்துக்காக யோனி வழி வைக்கும் வலைகளின் விற்பனையை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், ஜான்சன் அண்ட் ஜான்சனின் எத்திக்கான் நிறுவனத்துக்கு எதிரான கூட்டு வழக்கில் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் பெரிதாகப் பேசப்பட்டது வலை அல்ல, இடுப்பு மூட்டு. அதே குழுமத்தைச் சேர்ந்த டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். செயற்கை மூட்டில் உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தன. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது வைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் உதவி மையத்தில் பதிவானவர்களோ ஆயிரம் பேர் அளவில்தான். மற்றவர்களைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. மத்திய அரசு அமைத்த குழு 2018இல் அறிக்கை தந்தது. அவ்வாண்டு நவம்பரில் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு கணக்கிடும் வாய்பாடு வெளியானது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. 2019 மே மாதம், மறு அறுவை செய்துகொண்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் கொடுக்க ஒப்புக்கொண்டது. 4,700 எங்கே, 67 எங்கே!

இழப்பீடு கேட்க ஒரு வழி நுகர்வோர் சட்டம். மருத்துவச் சேவை அதற்குள் வருமா என்பதிலேயே ஒரு காலத்தில் தகராறு இருந்தது. வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் சொன்னது. 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: கட்டணம் வாங்கும் மருத்துவமனை சட்டத்துக்கு உட்பட்டது, காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் அது கட்டணமே. எல்லோருக்கும் இலவசமாக மட்டுமே வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை இதில் சேராது. அங்கே பாதிக்கப்பட்டவர் உரிமையியல் வழக்கோ நீதிப்பேராணை மனுவோ போடலாம். எடுத்துக்காட்டாக, திருச்சி மாவட்டத்தவருக்கு அந்த மனுவுக்குரிய இடம், 2004இல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதிதாகப் 'பொருள் பொறுப்பு' என்ற அத்தியாயத்தைச் சேர்த்தது. வடிவமைப்பில் குறை, தயாரிப்பில் குறை, போதிய எச்சரிக்கை இல்லாமை ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளரை நேரே கேட்கலாம். இறக்குமதி செய்பவர் சட்டத்தின் கண்ணில் விற்பனையாளர். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் சார்பு செய்ய முடியாத நிலையில் அவர் மீது பொறுப்பு விழும். மருத்துவரின் கவனக்குறைவை நிறுவுவது எப்போதுமே கடினம் என்பதால், வலை வழக்கில் இந்த அத்தியாயம்தான் முதலில் புரட்ட வேண்டியது என்பது என் எண்ணம்.

புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதும் புதிய சட்டம் தந்த வசதி. சென்னையில் அறுவை செய்துகொண்ட திருவானைக்காவல்காரர் காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால் போதும். செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் வழக்கு இங்கேதான். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருந்தாலும் எதிர்த்தரப்பு நிறுவனம் பெரிய வக்கீலோடு வரும்போது தனியாக நிற்பது எளிதல்ல. 1987ஆம் ஆண்டு சட்டப்பணி ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச வக்கீல் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். தொலைபேசி எண் 15100. கருப்பை இறக்கத்தை 'அடி இறங்கிருச்சு' என்று டாக்டரிடம் சொல்லவே பல வருஷம் கூசி நின்ற பெண்கள் வக்கீலிடம் அதை மறுபடி சொல்ல வேண்டியிருப்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

கால வரம்பு 2 ஆண்டு. பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்றாலும் அதற்கும் எல்லை உண்டு. ஒருவருக்கு 1993இல் பித்தப்பை அறுவையில் உள்ளே விடப்பட்ட துணி 2002இல் மறு அறுவையில் வெளிவந்தது. அந்த வழக்கை 2010இல் உச்ச நீதிமன்றம் காலங்கடந்தது என்று தள்ளியது. இடைப்பட்ட ஆண்டுகளில் வலி இருந்தும், செவிலியரான அவர் அறுவை செய்த மருத்துவரிடம் போகவில்லை என்பது காரணம். வலிக்கும்போதெல்லாம் ஓ.பி. சீட்டில் ஒரு வரியாவது எழுதி வாங்குவது இதனால்தான் முக்கியம்.

அதைவிட முக்கியம் ஒரு ஸ்டிக்கர். வலை வந்த பெட்டிக்குள் நிறுவனப் பெயர், மாடல், லாட் எண் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் இருக்கும். ஒன்றை அறுவைக் குறிப்பில் ஒட்டுவது வழக்கம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மெஷ் வைக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால் யார் மீது வழக்குப் போடுவது? கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர் வைத்திருக்க வேண்டிய காலமோ 3 ஆண்டுதான். வலையை வெளியே எடுக்கும் அறுவை நடந்தால், எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சொல்லாவிட்டால் மற்றக் கழிவுகளோடு மஞ்சள் பையில் போய்விடும்.