வெங்காயத்துக்குக் கட்டிய ஆலை, மாம்பழத்துக்குக் கிடைத்த விசா

பி.காம். படித்த பேங்க்காரனுக்கு காமா கதிரோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். மகாராஷ்டிரத்துக்கு மாற்றலாகி வந்தபின் வெங்காய விவசாயிகளின் கடன் ஃபைல்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆர்வம் இது.

சூடுபடுத்தாமல் உணவைக் காக்கும் வழிகளில் ஒன்று கதிர்வீச்சு. கோபால்ட்-60 வெளிவிடும் காமா கதிர் வெங்காயத்தின் முளைக்கும் செல்களை முடக்கிவிடும். 60 முதல் 90 கிரே அளவு போதும். 10,000 கிரே கொடுத்தால்கூட, தண்ணீர் இரண்டரை டிகிரிக்கு மேல் சூடாகாது. வெங்காயம் கதிரியக்கப் பொருளாக மாறுவதும் இல்லை.

ஆனால் பயம் லேசில் போகவில்லை. 1975-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கதிர்வீசிய புதுக் கோதுமையைச் சாப்பிட்ட, ஊட்டமில்லாத குழந்தைகளின் ரத்த செல்களில் குரோமோசோம் மாற்றம் தெரிந்ததாம். குழுவுக்கு ஐந்தே குழந்தைகள்! அரசு அமைத்த கேசவன்-சுகாத்மே குழு, அந்தத் தரவு முடிவைத் தாங்காது என்றது. 1980-ல் சர்வதேச நிபுணர் குழு 10,000 கிரே வரை ஆபத்தில்லை என்றது. அதன்பிறகும் இந்தியாவில் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாவுக்கு அனுமதி கிடைக்க 1994 ஆகிவிட்டது.

2000-ல் வாஷியில் மசாலாவுக்கு ஓர் ஆலை. 2002-ல் லாசல்காவில், பெரிய வெங்காய மண்டி இருக்கும் ஊரிலேயே, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 'கிருஷக்'.

இங்கேதான் கதை திரும்புகிறது. கதிர் முளையைத் தடுக்கும், அழுகலைத் தடுக்காது. அறுவடை முடிந்த கையோடு வீச வேண்டும், பிறகு நல்ல கிடங்கும் வேண்டும். வெங்காயமோ மலிவுச் சரக்கு. இந்தச் செலவைச் சிறு விவசாயி எதில் போய் ஏற்றுவார்?

ஆலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மாம்பழம். 2007 ஏப்ரலில், 18 வருஷத் தடைக்குப் பிறகு, நம் மாம்பழம் அமெரிக்கா போனது. நிபந்தனை, குறைந்தது 400 கிரே. கொட்டையில் இருக்கும் வண்டு சாக வேண்டியதில்லை, இனம் பெருக்காமல் இருந்தால் போதும். டாலர் விலையில் இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

2023-ல் மத்திய அரசு மறுபடி வெங்காயத்தில் கதிர்வீச்சுச் சோதனையில் இறங்கியது. 21 வருஷம் கழித்தும் சோதனைதான்! விஞ்ஞானம் பாஸாகிவிட்டது. பேலன்ஸ் ஷீட்தான் இன்னும் டேலி ஆகவில்லை. கிடங்குக்கும் சேர்த்துக் கடன் கொடுக்காதவரை ஆகாது என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?