ஷீ-ரா யாருக்குச் சொந்தம்?

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஒளிபரப்புக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்த ஒரு கார்ட்டூன் தொடரின் சில படங்கள் அமெரிக்காவில் வெளியிடப்பட்டன. கையில் வாள், நெற்றியில் கிரீடம், விரிந்த பொன்னிறக் கூந்தல். பழைய ஷீ-ராதான், ஆனால் வயதில் சிறியவள். குட்டைப் பாவாடைக்குள் அரைக்கால் சட்டை அணிந்திருந்தாள். ஓடவும் குதிக்கவும் ஏற்ற உடை.

அன்றே இணையத்தில் சர்ச்சை கிளம்பிவிட்டது. "இவள் பெண் போலவே இல்லையே", "எங்கள் ஷீ-ராவைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற பாணியில் கண்டனங்கள் குவிந்தன. கண்டித்தவர்களில் பலர் முப்பதையும் நாற்பதையும் தாண்டியவர்கள். புதிய தொடரோ சிறுவர்களுக்காக எடுக்கப்பட்டது.

சிறு பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனுக்குப் பெரியவர்கள் ஏன் இவ்வளவு கோபப்பட வேண்டும் என்று கேட்கலாம். சிரித்துவிட்டுக் கடந்து போகவும் செய்யலாம். ஆனால், இந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், ரசிகர்களின் எல்லாக் கோபமும் ஒன்றல்ல என்பது புரியும்.

பொம்மைக்காகப் பிறந்த கதை

கதை 1982-இல் தொடங்குகிறது. பார்பி பொம்மைகளால் உலகப் புகழ் பெற்ற மேட்டல் நிறுவனம், ஆண் பிள்ளைகளுக்காக ஒரு புதிய பொம்மை வரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரண்ட தோள்களும் வாளும் கொண்ட ஹீ-மேன் அதன் நாயகன். மண்டையோட்டு முகம் கொண்ட ஸ்கெலட்டர் அவனுடைய எதிரி. முதலில் வந்தது பொம்மை. தொலைக்காட்சித் தொடர் அதற்குப் பிறகுதான் வந்தது.

லூ ஷைமர் என்பவரின் ஃபில்மேஷன் நிறுவனம் தயாரித்த அந்தத் தொடர், 1983 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒருமுறை என்றில்லாமல், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு வார நாள்களில் தினமும் ஒளியேறியது. 1985 வரை மொத்தம் 130 அத்தியாயங்கள்.

பொம்மை விற்பதற்காக ஒரு தொடரா என்ற கேள்வி அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1969-இல் இதே மேட்டல் நிறுவனத்தின் 'ஹாட் வீல்ஸ்' கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் வந்தபோது, அதில் ஒரு பகுதியை விளம்பர நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று அந்நாட்டு ஒளிபரப்பு ஆணையம் கூறியது. ஆனால், 1980-களில் அதிபர் ரீகன் ஆட்சியில் காற்று திசைமாறியது. கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1984-இல் விளம்பர நேரத்துக்கான வரம்பும் நீக்கப்பட்டது.

பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. பெகி சாரன் என்ற தாய் 1968-இல் தொடங்கிய சிறுவர் தொலைக்காட்சி இயக்கம், இவை தொடர்களே அல்ல, அரை மணி நேர விளம்பரங்கள் என்று சாடியது. இந்தப் போராட்டங்களின் பலனாக 1990-இல் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. சிறுவர் நிகழ்ச்சிகளுக்கிடையே விளம்பரம் வார நாள்களில் மணிக்கு 12 நிமிடத்தையும், வார இறுதியில் பத்தரை நிமிடத்தையும் தாண்டக்கூடாது என்று அச்சட்டம் வரையறுத்தது.

ஆக, இன்று பலர் புனிதமாகப் போற்றும் அந்தப் பழைய தொடர், பிறந்தபோது பெரியவர்களிடம் நல்ல பெயர் வாங்கவில்லை. தரத்திலும் குறை இருந்தது. ஃபில்மேஷன் தன் ஓவியப் பணிகளை மலிவான வெளிநாடுகளுக்கு அனுப்பாமல் அமெரிக்காவிலேயே செய்தது. அதனால் செலவைக் குறைக்க, வரைந்த காட்சிகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. அதே ஓட்டம், அதே குத்து, அதே சிரிப்பு.

இருந்தாலும் பிள்ளைகள் அந்தத் தொடரை நேசித்தார்கள். ஹீ-மேன் வாளால் எவரையும் வெட்டுவதில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு பாத்திரம் தோன்றி நல்லுரை சொல்லும். பொய் சொல்லாதே, நண்பனைக் கைவிடாதே என்பன போன்ற எளிய அறிவுரைகள். விற்பனைக்காகப் போடப்பட்ட விதை, பிள்ளைகள் மனத்தில் வேறு மரமாக வளர்ந்தது.

தங்கை கையிலும் ஒரு வாள்

ஆண் பிள்ளைகளுக்கு ஹீ-மேன் இருந்தான். பெண் பிள்ளைகளையும் வாங்க வைக்க வேண்டும் என்று மேட்டல் எண்ணியது. தலைமுடியை வாரிவிடக்கூடிய பொம்மைகளோடு ஷீ-ரா பிறந்தாள். 1985 மார்ச்சில் ஒரு திரைப்படம் அவளை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவளுடைய தொடர் தொடங்கியது. 93 அத்தியாயங்கள் வந்தன.

நோக்கம் வியாபாரம்தான். ஆனால், லாரி டிடில்லியோ, ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி போன்ற எழுத்தாளர்கள் அந்தப் பொம்மைக்குக் கனமான கதை ஒன்றைக் கொடுத்தார்கள். ஷீ-ராவின் இயற்பெயர் அடோரா. ஹீ-மேனாக மாறும் இளவரசன் ஆடமின் இரட்டைச் சகோதரி. குழந்தையாக இருந்தபோதே ஹோர்டக் என்ற கொடியவனால் கடத்தப்பட்டு, அவனுடைய படையிலேயே தளபதியாக வளர்ந்தவள். தான் நின்ற பக்கம் தவறு என்று தெரிந்ததும், வளர்த்தவர்களையே எதிர்த்து வாளெடுக்கிறாள்.

ஹீ-மேன் அரண்மனையைக் காப்பவன். ஷீ-ராவோ ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்குபவள். அண்ணனின் கதையைவிடத் தங்கையின் கதை ஒரு படி ஆழமானது. சாகசக் கார்ட்டூன்களில் ஆண்களே முன்னால் நின்ற காலத்தில், தன் பெயரிலேயே ஒரு தொடரைத் தாங்கிய வீராங்கனை அவள்.

1987-க்குள் இந்த அலை அடங்கிவிட்டது. அந்த ஆண்டு வந்த ஹீ-மேன் திரைப்படம் வசூலில் தோற்றது. 1989-இல் ஃபில்மேஷன் மூடப்பட்டது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். பொம்மைகள் பெட்டிக்குள் போயின. நினைவு மட்டும் மிஞ்சியது.

2018: சொந்தம் கொண்டாடியது யார்?

முப்பது ஆண்டுகள் கழித்து, டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் ஷீ-ராவை மீண்டும் எழுப்பியது. பொறுப்பேற்றவர் என்.டி. ஸ்டீவன்சன். 'நிமோனா' என்ற படக்கதையால் பெயர் பெற்ற அந்த ஓவியருக்கு அப்போது வயது 26. பழைய தொடர் ஒளிபரப்பான காலத்தில் பிறந்தே இருக்காதவர்.

புதிய தொடரில் அடோரா பதின்ம வயதுப் பெண். மற்ற இளவரசிகள் பல நிறத்தவர்கள், பல உடல்வாகு கொண்டவர்கள். பழைய தொடரில் சாதாரண வில்லியாக வந்த கேட்ரா, இங்கே அடோராவோடு ஒன்றாக வளர்ந்த தோழி; பிறகு எதிரி.

இந்த மாற்றங்கள் எதையும் பார்ப்பதற்கு முன்பே, வெறும் படங்களை வைத்து எழுந்ததுதான் ஜூலை மாதச் சர்ச்சை. குறை சொன்னவர்களின் முக்கியமான வாதம், புதிய ஷீ-ரா அழகாக இல்லை என்பது. பதின்ம வயதுப் பெண்ணின் உடலைப் பற்றி வளர்ந்த ஆண்கள் இப்படிப் பேசலாமா என்று மறுதரப்பு திருப்பிக் கேட்டது. ஓவியர்கள் பலர் புதிய ஷீ-ராவைத் தங்கள் கைப்பட வரைந்து வெளியிட்டு ஆதரவு தெரிவித்தார்கள்.

இந்த வேளையில் பழைய தொடரின் எழுத்தாளரான ஸ்ட்ராசின்ஸ்கியே வாய் திறந்தார். புதிய வடிவத்தில் தமக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்றார். ஷீ-ராவைத் தாங்கள் ஒரு போர்வீரராகத்தான் எழுதியதாகவும், அவளை இலட்சியப் பெண்ணழகாகப் பார்ப்பது பார்ப்பவர்களின் கண்ணோட்டமே என்றும் கருத்துரைத்தார்.

அந்தப் பதிலில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. சிறுவயதில் பார்த்த ஒன்றை மனம் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. வளர வளர அதற்கு வண்ணம் பூசிக்கொண்டே போகிறது. பழைய தொடரின் திரும்பத் திரும்ப வந்த காட்சிகள் மறந்து போகின்றன. மாலை வெளிச்சமும், பள்ளி விட்டு வந்த களைப்பும், அம்மா கொடுத்த பலகாரமும் அந்தத் தொடரோடு ஒட்டிக்கொள்கின்றன. 2018-இல் பலர் காக்க முயன்றது ஷீ-ராவை அல்ல, தங்கள் பால்யத்தை.

தொடர் அந்த ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. மலேசியா, சிங்கப்பூர் வீடுகளிலும் அமெரிக்காவோடு சேர்த்தே பார்க்க முடிந்தது. 2020 மே மாதம் வரை ஐந்து பருவங்கள், 52 அத்தியாயங்கள் ஓடின. இறுதியில் அடோராவும் கேட்ராவும் ஒருவரிடம் ஒருவர் காதலை வெளிப்படுத்திய காட்சி இன்னொரு விவாதத்தைக் கிளப்பியது. சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். இளையோர் பலர் கண்ணீரோடு வரவேற்றார்கள். எப்படியானாலும், புதிய ஷீ-ராவுக்கென்று ஒரு புதிய தலைமுறை ரசிகர் கூட்டம் உருவாகிவிட்டது.

2021: வாக்கு கொடுத்தது யார்?

அடுத்து அண்ணனின் முறை வந்தது. இங்கேதான் கதை வேறு திசையில் போகிறது.

2019-இல் இயக்குநர் கெவின் ஸ்மித் தலைமையில் புதிய ஹீ-மேன் தொடர் அறிவிக்கப்பட்டது. சிறுவர்களுக்கான புது வடிவம் என்று அது அறிமுகப்படுத்தப்படவில்லை. பழைய தொடரில் முடிக்கப்படாமல் விடப்பட்ட கதைகளை, விட்ட இடத்திலிருந்து தொடரப்போவதாகவே சொல்லப்பட்டது. அழைப்பு நேராகப் பழைய ரசிகர்களுக்கு.

2021 ஜூலை 23-ஆம் தேதி முதல் ஐந்து அத்தியாயங்கள் வெளியாயின. முதல் அத்தியாயத்திலேயே ஹீ-மேன் இறந்து போகிறான். அதன் பிறகு கதை டீலா என்ற வீராங்கனையைப் பின்தொடர்கிறது. 130 அத்தியாயங்கள் முழுவதும் ஆடம்தான் ஹீ-மேன் என்ற ரகசியம் அவளிடமிருந்து மறைக்கப்பட்டது அல்லவா? இத்தனை காலம் ஏமாற்றப்பட்டதை அறிந்த அவளுடைய கோபமே புதிய கதையின் அச்சு.

கதையாகப் பார்த்தால் இது நல்ல யோசனை. விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் ரசிகர்களில் ஒரு பெரும் பகுதி கொதித்தெழுந்தது. மதிப்பீட்டுத் தளங்களில் விமர்சகர்களின் மதிப்பெண்ணுக்கும் பார்வையாளர்களின் மதிப்பெண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி.

பெண்ணை முன்னிறுத்தியதே பிடிக்கவில்லை என்று கூச்சலிட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பரிந்து பேசத் தேவையில்லை. ஆனால், எல்லாரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட முடியாது. தொடர் வருவதற்கு முன், இது டீலாவின் கதையாமே என்று வதந்தி பரவியபோது, ஸ்மித் அதை மறுத்திருந்தார். அழைப்பிதழில் ஹீ-மேன் பெயரைப் போட்டுவிட்டுப் பந்தியில் அவனைக் காணவில்லை என்றால், விருந்தாளிக்கு வருத்தம் வருவது இயல்பே. அந்த வருத்தம் மாற்றத்தின் மீது அல்ல. கொடுத்த வாக்கின் மீது.

தயாரிப்பாளர்களும் பாடம் கற்றதாகத் தெரிகிறது. அதே ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாம் பகுதியில் ஹீ-மேன் திரும்பினான். 2024 ஜனவரியில் வந்த அடுத்த தொடர் ஹீ-மேனையும் ஸ்கெலட்டரையும் நடுநாயகமாக வைத்தது.

2024: நாயகன் மடிந்தும் கைதட்டல்

நாயகன் இறந்ததுதான் குற்றமா? இல்லை என்பதற்கு 2024 மார்ச்சில் வந்த 'எக்ஸ்-மென் 97' சான்று. 1992 முதல் 1997 வரை ஓடிய பழைய எக்ஸ்-மென் கார்ட்டூனின் தொடர்ச்சி அது. பழைய முகப்பு இசை அப்படியே ஒலித்தது. வுல்வரின், ரோக், ஸ்டார்ம் ஆகியோருக்கு முன்பு குரல் கொடுத்த கலைஞர்களே மீண்டும் குரல் கொடுத்தார்கள்.

அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் ரசிகர்களின் செல்லப் பாத்திரமான கேம்பிட் உயிர்த்தியாகம் செய்கிறான். ரசிகர்கள் அழுதார்கள், ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை. பழைய நண்பர்களோடு நான்கு அத்தியாயங்கள் மனங்குளிர உட்காரவைத்த பிறகே அந்த அடி விழுந்தது. கதை வளர்ந்திருந்தது, வாக்கும் காப்பாற்றப்பட்டிருந்தது.

யாருக்கு எது கடன்?

மூன்று தொடர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. புதிய தலைமுறைக்கு என்று சொல்லி எடுத்த தொடரைப் புதிய தலைமுறைதான் எடைபோட வேண்டும். 2018-இல் ஷீ-ராவின் உடையைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் உரிமை நாற்பது வயதுக்காரருக்கு இல்லை. அவருடைய ஷீ-ராவை யாரும் அழித்துவிடவில்லை. 93 அத்தியாயங்களும் அப்படியே இருக்கின்றன.

ஆனால், பழைய ரசிகர்களின் நினைவைக் காட்டி, அதன் பெயரால் அழைத்து எடுத்த தொடர், அந்த நினைவுக்குக் கடன்பட்டது. ரசிகனின் பாசத்தைக் காசாக்கும் நிறுவனம், அவன் கோபப்படும்போது மட்டும் "இது வெறும் கார்ட்டூன்தானே" என்று சொல்வது நியாயமாகாது.

பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. தாம் ரசித்த தொடரின் புது வடிவம் வரும்போது, "எங்கள் காலத்துது இதைவிட நல்லாயிருக்கும்" என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்க்கலாம். 1983-இல் பெரியவர்கள் விளம்பரம் என்று ஒதுக்கியதில்தான் அன்றைய பிள்ளைகள் ஒரு நாயகனைக் கண்டார்கள். இன்றைய பிள்ளைகளின் கண்களுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுப்பது பெரியவர்களின் கடமை.